ஹூஸ்டன் குவில்ட் திருவிழாவில் துணி வாங்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஜார்ஜ் ஆர். பிரவுன் மாநாட்டு மையத்தில் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் நடைபெறும் சர்வதேச குவில்ட் திருவிழாவில், ஒருபுறம் போட்டிக்கு வந்த குவில்ட்டுகளும் (மேல்பகுதி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்காகத் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகள்) மறுபுறம் நூற்றுக்கணக்கான கடைகளும் இருக்கும். அங்கே எதையும் வாங்கலாம் என்ற எண்ணத்தோடு நுழைகிறவர், அழகான துணிகளை அள்ளிக்கொண்டு திரும்பி, தைத்து முடிக்கத் தேவையானது எதுவும் பையில் இல்லை என்பதை வீட்டில்தான் கண்டுபிடிப்பார். ஆகையால் கடைப்பட்டியலை வீட்டில் அரைகுறையாகக் கிடக்கும் வேலைகளிலிருந்தே தொடங்க வேண்டும்.

மேல்பகுதி தைத்து முடிந்த ஒவ்வொரு குவில்ட்டையும் விரித்து அளந்து, அதன் துணித்துணுக்கு ஒன்றை ஓர் அட்டையில் குத்தி, பக்கத்தில் தேவையை எழுதிக்கொள்ளுங்கள். 60-க்கு 80 அங்குலப் போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டுமென்பதால், 68-க்கு 88 அங்குலம் தேவை. வழக்கமான 42 அங்குல அகலத் துணியில் 88 அங்குல நீளத் துண்டுகள் இரண்டை இணைக்க 5 கெஜம் வாங்க வேண்டும். அடித்துணிக்கென்றே வரும் 108 அங்குல அகலத் துணியாக இருந்தால் 2 கெஜமே போதும், நடுவில் தையலும் வராது. ஓரப்பட்டிக்கு, சுற்றளவு 280 அங்குலம் என்பதால், மூலை மடிப்பும் இணைப்பும் சேர்த்து 2½ அங்குலப் பட்டிகள் எட்டு, அதாவது 20 அங்குலத் துணி வேண்டும். சுருங்குவதற்கும் கோணலாக வெட்டப்படுவதற்கும் சற்றுக் கூட்டியே வாங்குங்கள்.

முதல் சுற்றில் பணப்பையைத் திறக்காமல் நடந்து, பிடித்த கடைகளின் எண்ணை மட்டும் குறித்துக்கொள்வது நல்லது. கையால் சாயமேற்றிய துணி மட்டும் விதிவிலக்கு. அதே நிறம் மறுபடி அமைவதில்லை என்பதால், தேவையான அளவு முழுவதையும் ஒரே துண்டாக அப்போதே வாங்கிவிடுங்கள்.

நிறத்தை மண்டபத்தின் விளக்கொளியில் முடிவு செய்யாதீர்கள். வெள்ளைக்குச் சற்றுக் குறைவான வெளிர்நிறம் என்று நம்பி நான் நான்கு கெஜம் வாங்கிய பின்னணித் துணி, வீட்டுச் சன்னலருகே வெண்ணெய் நிறத்தில் மஞ்சளாக நின்றது. பிழை கடைக்காரருடையதன்று, என் அவசரத்தினுடையது. இப்போதெல்லாம் ஃபேட் குவார்ட்டர் எனப்படும் 18-க்கு 22 அங்குலக் கால் கெஜத் துண்டு ஒன்றை முதலில் வாங்கி, எதிரேயுள்ள டிஸ்கவரி கிரீன் பூங்கா வெளிச்சத்தில் அட்டைத் துணுக்கோடு சேர்த்துப் பார்த்த பிறகே கெஜக்கணக்கில் வெட்டச் சொல்கிறேன்.

2½ அங்குலப் பட்டிகளாகச் சுருட்டி விற்கும் ஜெல்லி ரோல் வாங்கினால், பல் பல்லாக வெட்டிய அதன் ஓரத்தில் அந்த அளவு பல்லின் முனையிலிருந்து எடுக்கப்பட்டதா, குழிவிலிருந்தா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இது மாறும். தையலுக்கு வெளியே விடும் ஓரம் (தையல்விடுப்பு) கால் அங்குலமே என்பதால், அந்தச் சிறு வேறுபாடும் பத்துத் தையலுக்குள் கட்டங்களைப் பிசகவைத்துவிடும்.

தையல் எந்திரம் வாங்கும் எண்ணமிருந்தால், விற்பனையாளர் தைத்துக்காட்டுவதைப் பார்ப்பதோடு நில்லாமல், நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் நூலையும் துணியையும் கொண்டுபோய் நீங்களே உட்கார்ந்து தையுங்கள். போர்வையைச் சட்டத்தில் விரித்து அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் நீள்கை எந்திரமென்றால், அந்தச் சட்டத்துக்கு 10, 12 அடி இடம் வேண்டியிருக்கும். அறையின் அளவு கையில் இல்லாமல் பேரம் பேசுவதில் பொருளில்லை.

காட்சிக்கு வைத்த குவில்ட்டின் பின்புறத் தையலைப் பார்க்க விரும்பினால், நீங்களாகத் தொடாமல், வெள்ளைக் கையுறை அணிந்த தொண்டரிடம் கேளுங்கள். அவர் புரட்டிக் காட்டுவார்.

மூன்று கெஜம் பருத்தித்துணி ஏறத்தாழ அரை கிலோ எடை இருக்கும். விமானத்தில் திரும்புகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாக வாங்கிய, துணி வெட்டும் சுழல் கத்தியைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் இழக்க நேரிடும். அதைப் பெரிய பெட்டியில் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் துணியைத் துவைத்தாலும், கரையோரத்தில் தயாரிப்பாளரின் பெயரும் வடிவத்தின் பெயரும் அச்சிட்ட பகுதியை மட்டும் போர்வை முடியும்வரை வெட்டி எறியாதீர்கள். துணி அரை கெஜம் குறைந்துபோனால், அந்தப் பெயரை வைத்துத்தான் தேட முடியும்.