பழைய மெர்சோவில் ஓக் எங்கே? சுவைத்துக் கண்டறியும் முறை

ஷாப்லி என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயினில் பத்து வயதான ஒன்றை முகர்ந்துவிட்டு, "ஹேசல்நட், வெண்ணெய், நல்ல ஓக்" என்று ஒருமுறை உறுதியாகச் சொன்னேன். ஓக் என்பது ஒயின் பீப்பாய் செய்யும் மரம். அந்த ஒயின் பிறந்தது முதல் புட்டிக்குள் போனது வரை ஸ்டீல் தொட்டியிலேயே இருந்தது, ஒரு மரத்துண்டைக்கூடத் தொட்டதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஓக் என்று நான் நினைத்த மணங்களில் பாதி காலத்தினுடையது, மீதி பாக்டீரியாவினுடையது. அந்தப் பிழையைத் திருத்திக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

வாங்க வேண்டியவை

எட்டு முதல் பத்து வயதுள்ள ஒரு மெர்சோ. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் போன் நகருக்குத் தெற்கே உள்ள ஊர் அது, ஒயினுக்கும் அதே பெயர். அங்கே ஷார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையின் சாற்றைப் பீப்பாயிலேயே நொதிக்க வைப்பது வழக்கம். கூடவே, ஏறக்குறைய அதே வயதில், மரமே படாத ஒரு ஷாப்லி. திராட்சை ஒன்றே, வயதும் ஒன்றே, ஆகவே இரண்டுக்கும் நடுவே உள்ள பெரிய வித்தியாசம் மரம்தான். ஒரே ஒரு புட்டியை வைத்துக்கொண்டு ஓக்கைக் கணிப்பது தொடக்கத்தில் வெறும் ஊகமாகவே முடியும். செலவு கூடும் என்றால் நான்கு நண்பர்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்.

கண்ணாடிக் கோப்பைகள் இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்க வேண்டும். பிரெஞ்சுச் சுவைப்பறைகளில் உள்ள சிறிய ஐ.என்.ஏ.ஓ கோப்பை குறை கண்டுபிடிக்க நல்லது, ஆனால் வயதான ஒயினுக்கு அதில் மூச்சு முட்டும். நடுத்தர அளவில், வாய் குவிந்த துலிப் வடிவக் கோப்பையே என் தேர்வு.

பழைய கார்க்குக்குத் திருகுத் திறப்பான் வேண்டாம், குறிப்பாக இரண்டு இறக்கை வைத்த வகை கார்க்கைத் துளைத்துப் பொடியாக்கிவிடும். கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறங்கும் இரண்டு தகடுகள் கொண்ட திறப்பானை வாங்குங்கள். தகடுகளை மாறி மாறி அழுத்தி இறக்கி, சுழற்றியபடி மெல்ல இழுத்தால் கார்க் முழுதாக வந்துவிடும்.

ஒயின் 12 அல்லது 13 டிகிரியில் இருக்கட்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் அடங்கிக் கிடக்கும், துவர்ப்பு மட்டும் மிகுந்து தெரியும். அரை மணி நேரம் வெளியே வையுங்கள். அன்று மாலை சமையலறையில் தாளிப்பும் வேண்டாம், வீட்டில் ஊதுபத்தியும் வேண்டாம்.

நிறம்

இதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். வெள்ளை ஒயின் வயதாக ஆகப் பொன்னிறம் அடையும். நிறம் வயதைச் சொல்லுமே தவிர மரத்தைச் சொல்லாது. அடியில் கண்ணாடித் துகள் போலப் படிகங்கள் இருந்தால் அவை டார்ட்டாரிக் அமிலத்தின் உப்பு, தீங்கில்லை.

மணம்: நான் தடுக்கி விழுந்த இடம்

முதலில் அஞ்சறைப் பெட்டியைத் திறங்கள். சிறு கிண்ணங்களில் ஒரு கிராம்பு, கொப்பரைத் துண்டு, வெனிலா எசன்ஸ் ஒரு சொட்டு, கருக வாட்டிய ரொட்டி, வெண்ணெய், வறுத்த வெந்தயம் ஆகியவற்றைத் தனித்தனியாக வையுங்கள். ஒவ்வொன்றையும் முகர்ந்து நினைவில் நிறுத்திக்கொண்டு அதன்பின் ஒயினுக்கு வாருங்கள்.

முதல் நான்கும் மரத்தின் பக்கம். கிராம்புக்கு மணம் தரும் யூஜெனால் ஓக்கிலும் இருக்கிறது. வெனிலின் மரத்திலிருந்தே வருகிறது. பீப்பாய் செய்யும்போது உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள், அதனால் கருகிய ரொட்டியும் புகையும் சேர்கின்றன. தேங்காய் மணம் தரும் லாக்டோன் அமெரிக்க வெள்ளை ஓக்கில் மிகுதி. திரோன்சே, வோஜ் போன்ற பிரெஞ்சுக் காடுகளின் ஓக்கில் அது அடக்கமாகவே தெரியும். ஆகவே மெர்சோவில் கொப்பரை மணத்தைத் தேடி ஏமாற வேண்டாம்.

வெண்ணெய் மரத்தினுடையது அல்ல. ஒயினிலுள்ள மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது டையசிட்டைல் என்ற பொருள் உண்டாகிறது, அதன் மணம்தான் அது. ஸ்டீல் தொட்டியிலும் இது நடக்கும். ரொட்டி மாவு வாசனை அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலால் வருவது. உரசிய தீக்குச்சி போன்ற வாசனைக்குக் கந்தகச் சேர்மங்கள் காரணம். தேன், ஹேசல்நட், காளான் ஆகியவை புட்டிக்குள் கழிந்த ஆண்டுகள் தந்தவை. நான் ஓக் என்று சொன்ன ஹேசல்நட் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது.

வெந்தயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதன் மணத்துக்கு மூலமான சோடோலான், காற்றுப்பட்டு முதிர்ந்த ஒயினிலும் உருவாகும். 1990களின் நடுப்பகுதி முதலான அறுவடைகளில், பர்கண்டி வெள்ளை ஒயின்கள் பலவும் வயதுக்கு முன்பே இப்படிக் காற்றுப்பட்டுத் தளர்ந்தன. கோப்பையில் வெந்தயம் ஓங்கி, பழ மணம் மறைந்து, நிறமும் பழுப்பாக இருந்தால் ஓக் தேடுவதை நிறுத்திவிடுங்கள். அந்தப் புட்டி பாடத்துக்கு உதவாது.

மெர்சோவில் வெனிலா ஏன் மெலிதாக இருக்கிறது என்று நீண்ட நாள் குழம்பினேன். பீப்பாயிலேயே நொதிக்கும்போது ஈஸ்ட், வெனிலினின் ஒரு பகுதியை மணம் குறைந்த வேறொரு பொருளாக மாற்றிவிடுகிறது. தொட்டியில் நொதித்து முடித்துப் பிறகு பீப்பாய்க்குப் போன ஒயினில்தான் வெனிலா முகத்தில் அறையும். ஆகவே வெனிலா குறைவு என்பதால் ஓக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள்.

வாய்

ஒரு மிடறு எடுத்து, பத்து விநாடி வாய் முழுதும் சுழற்றித் துப்பிவிடுங்கள். நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் பாக்கு மென்றது போல வறண்டால் அது டானின் என்ற துவர்ப்புப் பொருள். வெள்ளை ஒயினுக்குத் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்க வைப்பதால் தோலின் துவர்ப்பு மிகக் குறைவு. வறட்சி தெளிவாக இருந்தால் பெரும்பாலும் மரத்தின் வேலை. வயதான ஒயினில் மூக்கைவிட ஈறையே நான் நம்புகிறேன், ஏனென்றால் மணங்கள் ஆண்டுகளில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

பர்கண்டிப் பீப்பாயின் கொள்ளளவு 228 லிட்டர். புதிய பீப்பாய்தான் சுவையை அள்ளிக் கொடுக்கும். மூன்று நான்கு அறுவடை கண்ட பீப்பாய் ஏறத்தாழ எதையும் கொடுக்காது, ஆனால் மரத்தின் வழியே காற்று சிறிதளவு உள்ளே போய்க்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட ஒயினில் கிராம்பும் இராது, துவர்ப்பும் இராது, வாயில் மட்டும் ஒரு அகலமும் மென்மையும் இருக்கும். இதுவும் ஓக்கின் செல்வாக்குதான். பக்கத்தில் அந்த ஷாப்லி இல்லாவிட்டால் இதை உணரவே முடியாது.

துப்பிய பிறகு வாயில் கடைசியாக நிற்பது எது என்று பாருங்கள். எலுமிச்சையோ பீச்சோ நின்று, மரம் பின்னால் ஒலித்தால் அளவான ஓக். பழம் தேய்ந்து, கசப்பும் மரத்தூளும் மட்டும் மிஞ்சினால் ஒயின் தாங்கக்கூடியதைவிட அதிக மரம் வைத்துவிட்டார்கள். இளமையில் பழம் அதை மறைத்திருக்கும், வயது அதை வெளியே காட்டிவிடும்.

பின்சேர்க்கை

இம்முறையைப் பின்பற்றிய ஒரு வாசகர் "இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன" என்று எழுதினார். அவர் வாங்கிய ஷாப்லி பழைய பீப்பாய்களில் வளர்ந்தது. தவறு என்னுடையது, ஷாப்லி என்றாலே ஸ்டீல் என்பதுபோல முதலில் எழுதியிருந்தேன். ராவ்னோ, டோவிசா போன்ற புகழ்பெற்ற தயாரிப்பாளர்களின் ஷாப்லிகள் பழைய பீப்பாயில் வளர்கின்றன, லூயி மிஷெல் என்ற தயாரிப்பு நிறுவனம் ஸ்டீல் தொட்டியை மட்டுமே நம்புகிறது. கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

கடைசிப் படி

ஊற்றியவுடன் ஒருமுறை, அரை மணி கழித்து ஒருமுறை, ஒரு மணி கழித்து ஒருமுறை முகர்ந்து எழுதிவையுங்கள். பிறகு கோப்பைகளைக் கழுவாமல் அடையாளமிட்டு மேசைமேலேயே விட்டுவிடுங்கள். காலையில் காய்ந்த கோப்பைகளை முகருங்கள். மெர்சோ இருந்த கோப்பையின் அடியில் புகையும் வெனிலாவும், இரவில் ஒளிந்திருந்தவைகூட, தனியாக நிற்கும். ஷாப்லி இருந்ததில் சிறிது தேன் மணம் இருக்கலாம், மரம் இராது. முந்தைய இரவு எழுதிய குறிப்புகளை அப்போது எடுத்துத் திருத்துங்கள்.