பெரிட்டின் அறிக்கையைச் சரியாக வாசிக்கும் முறை

தீராத களைப்பு, தலைசுற்று, படியேறும்போது மூச்சுவாங்கல் என்று சொல்லி வருபவர்களுக்கு வைத்தியர்கள் எழுதிக்கொடுக்கும் குருதிப் பரிசோதனைகளில், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் பெரிட்டினும் ஒன்று. திருகோணமலை நகரில் செய்தாலும் கிண்ணியாவிலோ மூதூரிலோ இருந்து மாதிரியைக் கொடுத்தனுப்பினாலும், கைக்கு வரும் தாளில் ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் ஆய்வுகூடத்தின் வழமையான வீச்சும் மட்டுமே இருக்கும். எண் அந்த வீச்சுக்குள் விழுந்தால் "எல்லாம் நோர்மல்" என்று கிளினிக் கொப்பிக்குள் செருகிவிடுகிறோம். இதனால் இரும்பு தீர்ந்துபோன ஒருவர் கவனிக்கப்படாமல் விடப்படுவதும், இரும்பே தேவைப்படாத இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் குளிசை விழுங்குவதும் நடக்கின்றன. அந்த எண் எதை அளக்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் இரண்டையும் தவிர்க்கலாம்.

பெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். 1937ஆம் ஆண்டு லாவ்பெர்கர் என்ற செக் நாட்டு விஞ்ஞானி குதிரையின் மண்ணீரலிலிருந்து அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார். 24 உபஅலகுகள் ஒன்றுசேர்ந்து, ஏறத்தாழ 12 நனோமீற்றர் விட்டமுள்ள உள்ளீடற்ற கோளமாக அது அமைகிறது. அதன் உட்குழியில் 4,500 வரையான இரும்பு அணுக்களை அடக்கலாம். உபஅலகுகள் எச், எல் என இரு வகைப்படும். எச் வகை, கலத்துக்குள் கரைந்து திரியும் இரட்டை நேரேற்ற இரும்பு அயனை ஒட்சியேற்றி மும்மை நேரேற்ற வடிவுக்கு மாற்றுகிறது. எல் வகை, அவ்வாறு மாறிய இரும்பு உட்குழிக்குள் கனிமமாகப் படிய உதவுகிறது. கட்டின்றித் திரியும் இரும்பு ஐதரசன் பேரொட்சைட்டுடன் தாக்கமுற்று ஐதரொட்சில் மூலிகங்களை உண்டாக்க, அவை டி.என்.ஏ.யையும் கலமென்சவ்வையும் சிதைக்கின்றன. ஆகவே பெரிட்டின் இரும்பைச் சேமிப்பது மட்டுமன்றி, அதனால் விளையக்கூடிய சேதத்திலிருந்து கலத்தைக் காக்கவும் செய்கிறது. எலிகளில் எச் உபஅலகுக்குரிய மரபணுவை முற்றாக நீக்கினால் குட்டி பிறக்கும் முன்னரே கருவிலேயே இறந்துவிடுகிறது என்பது, இப்புரதம் பாலூட்டிகளுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டும்.

அறிக்கையை நம்புவதற்கான காரணம் இதன் உற்பத்தி கட்டுப்படுத்தப்படும் விதத்தில் இருக்கிறது. கலத்தில் இரும்பு குறையும்போது, இரும்பை உணரும் சில புரதங்கள் பெரிட்டினுக்கான செய்தி ஆர்.என்.ஏ.யின் தொடக்கப் பகுதியில் ஒட்டிக்கொண்டு, அதிலிருந்து புரதம் தொகுக்கப்படுவதைத் தடுக்கின்றன. அதே புரதங்கள், இரும்பை உள்ளே கொண்டுவரும் டிரான்ஸ்பெரின் வாங்கிக்கான செய்தி ஆர்.என்.ஏ.யின் இறுதிப் பகுதியில் ஒட்டி, அது சிதையாமல் காக்கின்றன. இரும்பு பெருகியதும் அவை விலகிவிட, பெரிட்டின் உற்பத்தி தொடங்குகிறது. ஒரே பொறிமுறை வரவைக் கூட்டுவதையும் கையிருப்பைக் குறைப்பதையும் ஒருங்கே செய்துவிடுவது, எத்தனை முறை படித்தாலும் வியப்புத் தருகிறது. இவ்வாறு உருவாகும் பெரிட்டினில் மிகச் சிறிய பங்கே குருதிக்குள் சுரக்கப்படுகிறது. பரிசோதனை அளப்பது அதைத்தான். அதில் இரும்பு மிகக் குறைவாகவே இருந்தாலும், ஆரோக்கியமான ஒருவரில் அதன் அளவு ஈரலிலும் மண்ணீரலிலும் என்பு மச்சையிலும் உள்ள கையிருப்போடு சேர்ந்தே ஏறி இறங்கும். லீற்றருக்கு ஒரு மைக்ரோகிராம் பெரிட்டின் சுமார் 8 மில்லிகிராம் சேமிப்பு இரும்பைக் குறிக்கும் என்பது பொதுவான கணக்கு.

இப்போது தாளைக் கையில் எடுங்கள். முதலில் அலகைப் பாருங்கள்: மில்லிலீற்றருக்கு நனோகிராம் என்றிருந்தாலும் லீற்றருக்கு மைக்ரோகிராம் என்றிருந்தாலும் எண் ஒன்றேதான். அடுத்து, குருதி கொடுத்த காலத்தில் உங்கள் உடல்நிலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கிருமித்தொற்றோ அழற்சியோ ஏற்படும்போது, கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காதபடி உடல் அதைக் கலங்களுக்குள் பூட்டிவைக்கிறது. பெரிட்டின் உற்பத்தியும் கூடுகிறது. டெங்குக் காய்ச்சலில் இந்த எண் பல நூறாகவும், சிலரில் ஆயிரங்களாகவும் உயர்வதுண்டு. மழைக்காலத்தில் டெங்கு பரவும் நம் மாவட்டத்தில் இதை மறக்கக் கூடாது. காய்ச்சல் மாறிச் சில வாரங்கள் கழித்துக் குருதி கொடுப்பதே நல்லது. அது முடியாவிட்டால் சி.ஆர்.பி. என்னும் அழற்சிப் பரிசோதனையையும் சேர்த்துச் செய்யும்படி வைத்தியரிடம் கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, ஆரோக்கியமான வளர்ந்தோரில் 15 மைக்ரோகிராமுக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 12 மைக்ரோகிராமுக்கும் குறைந்தால் இரும்புக் குறைபாடு எனக் கொள்ள வேண்டும். தொற்றோ அழற்சியோ உள்ளபோது இவ்வெல்லைகள் முறையே 70, 30 என உயர்கின்றன. நடைமுறையில் வைத்தியர்கள் பலர் வளர்ந்தோரில் 30க்குக் குறைவானதையே குறைபாடாகக் கருதுகின்றனர். அதுவே சரியென எனக்கும் படுகிறது. இங்கு ஒரு விதியை உறுதியாகப் பிடித்துக்கொள்ளலாம்: எண் குறைந்திருந்தால் இரும்பு குறைந்திருக்கிறது, அதில் ஐயமில்லை, எண் வழமையாகவோ கூடியோ இருந்தால் இரும்பு போதும் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

மூன்று அறிக்கைகளைக் கற்பனை செய்து பார்ப்போம். முதலாவதில் ஈமோகுளோபின் 12.3, பெரிட்டின் 9. ஈமோகுளோபின் பெண்களுக்கான எல்லையான 12ஐத் தாண்டியிருப்பதால் குருதிச்சோகை இல்லை என்று அனுப்பிவிடுவார்கள். ஆனால் கையிருப்பில் சுமார் 70 மில்லிகிராம் இரும்பே எஞ்சியிருக்கிறது, அதாவது களைப்புக்கான காரணம் கண்முன்னே இருக்கிறது. கையிருப்பு முதலில் தீர்ந்து, அதன் பின்னரே ஈமோகுளோபின் இறங்கும். இரண்டாவதில் பெரிட்டின் 64, சி.ஆர்.பி. 38. பார்வைக்குக் குறையில்லாத இந்த எண், அழற்சி உள்ளவருக்குரிய 70 என்ற எல்லைக்குக் கீழே நிற்பதால், குறைபாடு மறைந்திருக்க இடமுண்டு. அழற்சி தணிந்தபின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும். மூன்றாவதில் ஈமோகுளோபின் 11, செங்குழியத்தின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 64, பெரிட்டின் 90, அழற்சி எதுவுமில்லை. செங்குழியங்கள் இவ்வளவு சிறுத்தும் இரும்பு நிறைந்திருக்கிறது எனில், ஈமோகுளோபின் ஆக்கத்தைக் குறைக்கும் பரம்பரை நோயான தலசீமியாவின் காவியாக இருக்கக்கூடும். இவருக்கு ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் எச்.பி.எல்.சி. பரிசோதனைதான் தேவை, இரும்புக் குளிசையன்று. திருமணத்துக்கு முன் இது தெரிந்திருப்பது பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு மிகவும் முக்கியம்.

எண் கூடியிருந்தால் அழற்சியோடு கொழுப்பு ஈரல், மதுப் பழக்கம், நீரிழிவு ஆகியவற்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். உண்மையிலேயே இரும்பு மிகுந்துள்ளதா என்பதை, குருதியில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்பெரின் என்ற புரதம் எவ்வளவு நிரம்பியுள்ளது என்று காட்டும் டிரான்ஸ்பெரின் நிரம்பல் வீதம் தெளிவுபடுத்தும். அடிக்கடி குருதி ஏற்றப்படும் தலசீமியா நோயாளருக்கு மட்டும் கணக்கு வேறு: ஏற்றப்படும் ஒவ்வொரு பை குருதியோடும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலில் சேர்கிறது.

குறைபாடு உறுதியானால் முதலில் காரணத்தைத் தேடுங்கள். மிகையான மாதவிடாய், அடுத்தடுத்த கர்ப்பங்கள், கொழுக்கிப் புழு ஆகியவை பொதுவானவை. ஆண்களிலும் மாதவிடாய் நின்ற பெண்களிலும் காரணம் புலப்படாவிட்டால் குடலில் குருதி கசிகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். குளிசையை மட்டும் கொடுத்து அந்தத் தேடலைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

குளிசையைக் காலையில் வெறுவயிற்றிலோ, அது ஒத்துக்கொள்ளாவிட்டால் சிறிது உணவோடோ எடுக்கலாம். ஒரு வேளை இரும்பு எடுத்ததும் ஹெப்சிடின் என்னும் ஓமோன் கூடி, ஏறத்தாழ ஒரு நாளைக்கு உறிஞ்சலைக் குறைத்துவிடுகிறது. ஆகவே வயிற்றெரிச்சலால் குளிசையை விட்டுவிட நினைப்பவர்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்கலாம். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கில் சொன்ன முறையைத் தாங்களாக மாற்றக் கூடாது. அங்கு தரப்படும் கல்சியக் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் இருந்தால் போதும். மலம் கறுப்பது வழமையானது. குளிசைப் போத்தலைச் சிறுபிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள், அதிகமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

உணவைப் பொறுத்தவரை நமக்குக் குறைவில்லை. சூரை மீனின் கருஞ்சிவப்புச் சதையைச் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். இரும்பு கூடுதலாக இருப்பதும் எளிதில் உறிஞ்சப்படுவதும் அந்தப் பகுதியிலேதான். மரக்கறி மட்டும் உண்பவர்கள் பயறு, பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள இரும்பை நன்கு பெற, அடுப்பிலிருந்து இறக்கியபின் தேசிக்காய் பிழிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் கொதியில் உயிர்ச்சத்து சி சிதைந்துவிடும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணித்தியாலமாவது தள்ளிப்போடுங்கள். தேயிலையிலுள்ள தனின் இரும்பைப் பிணைத்துவிடுகிறது.

ஈமோகுளோபின் சில வாரங்களில் ஏறிவிடும். அதைக் கண்டு குளிசையை நிறுத்தினால் கையிருப்பு நிரம்பாது. அதன் பின்னரும் சுமார் மூன்று மாதங்கள் தொடர்ந்துவிட்டு, காய்ச்சலோ தடிமனோ இல்லாத ஒரு நாளில், முன்னர் செய்த அதே ஆய்வுகூடத்தில் பெரிட்டினை மீண்டும் பரிசோதித்து, பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்தே வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்.