ஓடைக்கரையில் டென்ட் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் அமெரிக்க வனத்துறை நடத்தும் சின்னச் சின்ன முகாம்கள் நிறைய உண்டு. பத்துப் பன்னிரண்டு டென்ட்டுக்கு இடம், ஒரு குழிக் கழிப்பறை, டென்ட்டுக்கொரு மர மேஜை, தீ மூட்ட இரும்பு வளையம், பக்கத்தில் ஓடை. பல இடங்களில் குழாய்த் தண்ணீரும் கிடையாது, செல்போன் சிக்னலும் கிடையாது. பெரிய முகாம்களின் கூட்டத்தைவிட இந்த இடங்களே எனக்குப் பிடிக்கும். ஆனால் இங்கே நடக்கும் தவறுகளில் பாதிக்கு ஒரே காரணம்தான்: படுக்கை, சமையல், கழுவல் எல்லாம் ஓடையை ஒட்டியே நடக்க வேண்டும் என்ற ஆசை.

முதலில் டென்ட். கரையோரத்து மணல் திட்டு மெத்தை மாதிரி இருக்கும், யாருக்கும் அங்கேதான் படுக்கத் தோன்றும். அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே ஓடைதான். கோடையின் தொடக்கத்தில் மலை உச்சியில் பகலில் உருகும் பனி, கீழே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அதனால் மாலையிலும் இரவிலும் நீர் ஏறும், விடியற்காலையில் குறையும். மதியம் பார்த்த மட்டத்தை நம்பிப் படுக்கக் கூடாது. ஓடையைக் கடந்து நடக்க வேண்டுமென்றால் காலையிலேயே கடந்துவிடுங்கள். திரும்பி வரும்போது நீர் ஏறியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பனி உருகி ஏறும் நீராவது மெதுவாக வரும். மழை வெள்ளம் அப்படியல்ல. 2010 ஜூன் 11 அதிகாலையில் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் ஆல்பர்ட் பைக் முகாமில், எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தபோது லிட்டில் மிசௌரி ஆறு சில மணி நேரத்தில் ஏறக்குறைய 20 அடி உயர்ந்தது. 20 பேர் இறந்தார்கள். அதுவும் வனத்துறையின் முகாம்தான். ஆகவே முகாம் என்று பலகை வைத்திருந்தாலே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். புதர்களிலும் மரக்கிளைகளிலும் காய்ந்த புல்லும் சுள்ளியும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளம் அதுவரை வந்து போயிருக்கிறது என்று பொருள். உங்கள் இடம் அதற்கு மேலே இருக்கட்டும். நம் தலைக்கு மேல் மழை பெய்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. மேலே எங்கோ இடி இடித்தாலும், தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலும், இரைச்சல் கூடினாலும் உடனே மேட்டில் ஏறுங்கள். சாமான்களை விட்டுவிடலாம். காரை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்குச் சாலையில் வெள்ளத்தை முந்தப் பார்ப்பது மிக மோசமான முடிவு. கொலராடோவின் பள்ளத்தாக்குகளில் மேலே ஏறித் தப்பித்துக்கொள்ளுங்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். 1976-இல் பிக் தாம்சன் ஆற்றின் வெள்ளம் 140-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகு வந்த எச்சரிக்கை அது.

குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவில் இறங்கி ஓடைப் பள்ளத்தில் தேங்கும். நீரோரம் போட்ட டென்ட் விடியும்போது பனியில் நனைந்து கிடக்கும், கொஞ்சம் மேலே போட்டவர்கள் கதகதப்பாகத் தூங்கியிருப்பார்கள். குளிர் தாங்காமல் அடுப்பையோ கரிக்கனலையோ டென்ட்டுக்குள் கொண்டுபோவது உயிரைப் பறிக்கும் தவறு. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது.

தண்ணீருக்கு வருவோம். கண்ணாடி மாதிரி தெளிவாக ஓடுகிறதே என்று அள்ளிக் குடிக்கிறார்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி கண்ணுக்குத் தெரியாது. அதனால் வரும் வயிற்றுப்போக்கு ஒன்று, இரண்டு வாரம் கழித்துத்தான் தொடங்கும், அதனால் பலருக்கு ஓடை நினைவுக்கே வராது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைத்தால் போதும். 6,500 அடி உயரத்துக்கு மேல் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும், அங்கே மூன்று நிமிடம் வேண்டும்.

நாம் ஓடைக்குச் செய்யும் கெடுதலும் இருக்கிறது. சாம்பார் பாத்திரத்தை நீரில் அமிழ்த்திக் கழுவுவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. மட்கும் சோப்பு என்று பாட்டிலில் போட்டிருக்கிறதே என்பார்கள். அது மட்குவதற்கு மண் வேண்டும், ஓடும் நீரில் மீனுக்கும் பூச்சிக்கும் அது நஞ்சுதான். வாளியில் நீர் மொண்டு 200 அடி, அதாவது எழுபது எண்பது தப்படி, தள்ளிப் போய்க் கழுவுங்கள். பருக்கைகளை வடிகட்டிக் குப்பையில் சேர்த்துவிட்டு, கழுவிய நீரைப் பரவலாக மண்ணில் வீசுங்கள்.

அப்புறம் கரடி. சியராவில் இருப்பவை அமெரிக்கக் கருங்கரடிகள். முகாமில் இரும்புப் பெட்டி இருந்தால் புளியோதரைப் பொட்டலம் முதல் பற்பசை, சன்ஸ்கிரீன் வரை மணமுள்ள எல்லாம் அதற்குள்தான் போக வேண்டும். கார் பத்திரமான இடமல்ல. கதவைப் பிய்த்து உள்ளே போகத் தெரிந்த கரடிகள் உண்டு. மனிதச் சாப்பாட்டுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொன்றுவிடும் நிலை வரலாம் என்பதால் இதில் அலட்சியம் வேண்டாம்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிப் போகாதீர்கள், மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் அதோடு பயணிக்கும். போகும் வழியில், முகாமுக்கு அருகில் வாங்குங்கள். தீ மூட்டத் தடை இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்த்துவிடுங்கள். அணைக்கும்போது நீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.