முதுகைக் காட்டச் சொல்லுங்கள்: இங்கிலாந்துக்கு வரும் மட்டக்களப்பாருக்குப் பழைய கம்பள ஏலம் பற்றி

கல்லடியில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். சீமெந்துத் தரை. மத்தியான வெயிலுக்கு அதில் நீட்டி நிமிர்ந்து படுத்தால் வருகிற சுகத்துக்கு உலகத்தில் எந்தக் கம்பளமும் கிட்ட வராது. தம்பியின் மகள் தாதி வேலை கிடைத்து அடுத்த மாதம் இங்கிலாந்து போகிறாள். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவள் கேட்டாள்: "மாமி, பன்பாய் ஒண்டு வைக்கட்டா?"

வைக்காதே புள்ள என்றேன். நானும் ஒரு காலத்தில் ஆசையோடு கொண்டுபோனவள்தான். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுகிற அறையில் பாயின் பன்புல் காய்ந்து, மடிக்கும் இடமெல்லாம் முறிந்துபோனது. மறுகா, அந்தத் தரையின் குளிர் பாயைத் தாண்டி முழங்கால் வரைக்கும் ஏறும். வாடகை வீடுகளில் அநேகமாகப் பலகை மாதிரித் தோன்றும் லாமினேட் தரை இருக்கும், இல்லாவிட்டால் முந்தி இருந்தவர்களின் கறையெல்லாம் சேர்ந்த சாம்பல் நிறக் காப்பெற். மாடி வீடென்றால் பிள்ளை ஓடுகிற சத்தத்துக்குக் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார். கம்பளம் அங்கே ஆடம்பரச் சாமான் இல்லை, போர்வை மாதிரி ஒரு தேவை.

புதிதாக வந்தவர்கள் நேரே பெரிய தளபாடக் கடைக்குப் போய், பிளாஸ்ரிக் நாரில் மெஷின் நெய்த விரிப்பை நூறு, நூற்றைம்பது பவுணுக்கு வாங்கிவிடுவார்கள். நாலு வருடத்தில் நசுங்கிக் குப்பைக்குப் போகும். அதே காசுக்கு ஈரானிலோ ஆப்கானிஸ்தானிலோ ஒரு பெண் மாதக்கணக்காகக் குந்தியிருந்து கையால் முடிச்சுப் போட்ட ஐம்பது வருடப் பழைய கம்பளிக் கம்பளம் ஏலத்தில் விழும். மலிவுக்குக் காரணம் கம்பளத்தில் இல்லை. வயதானவர்கள் போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் வீட்டைக் காலிசெய்கிறார்கள். அவர்களுடைய சின்ன ஃபிளாட்டுக்கும் வெளிர் நிற ரசனைக்கும் தாத்தாவின் சிவப்புக் கம்பளம் ஒத்துவருவதில்லை. சின்னப் பட்டணத்து ஏல மண்டபத்தில் உடைந்த மணிக்கூடும் தேநீர்க் கோப்பைகளும் கிடக்கிற வரிசையில் அதுவும் சுருட்டிக் கிடக்கும்.

தேடுவதற்கு ஈபே எல்லாருக்கும் தெரியும். அதைவிட நான் நம்புவது, ஊர் ஊராக இருக்கும் ஏல மண்டபங்களின் பட்டியல்களை ஓரிடத்தில் சேர்த்துத் தரும் த சேல்ரூம், ஈஸிலைவ் ஒக்‌ஷன் போன்ற தளங்களை. உங்கள் தபால் குறியீட்டைப் போட்டு, காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்வரக்கூடிய மண்டபங்களை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஏலம் எங்களுக்குப் புதிதில்லை. கோயில் சடங்கு முடிய வாழைக்குலையை ஏலம் விடுவதைப் பார்த்து வளர்ந்த ஆக்கள். அதில்தான் ஆபத்து. கோயில் ஏலத்தில் ஐந்நூறு ரூபாய்ப் பழக்குலையை ஐயாயிரத்துக்கு எடுப்பது பெருமை, புண்ணியம், எதிர் வீட்டுக்காரனுக்குப் பதில். அந்தக் கை தானாக உயருகிற பழக்கம் கம்பள ஏலத்துக்கு வந்தால் வாடகைக் காசு போய்விடும். நான் முதல் தடவை எண்பது பவுண் என்று மனதில் வைத்திருந்து, பெயர் தெரியாத ஒருவனோடு மல்லுக்கட்டி இருநூற்றுப் பத்தில் போய் நின்றேன். அவன் பார்வைக்கு நான் வெறும் ஒரு இலக்கம். ஆரிடம் வீறாப்புக் காட்டினேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அதனால் உச்சத் தொகையை முதல் நாளே எழுதி வையுங்கள். ஈபேயில் உங்கள் உச்சத்தைப் போட்டுவிட்டால், மற்றவர் கேட்பதைவிட ஒரு படி மட்டும் கூட்டிக்கூட்டி இயந்திரம் தானே கேட்கும். உச்சம் வேறு எவருக்கும் தெரியாது. குறித்த நொடியில் முடிகிற ஏலம் என்பதால் அனுபவசாலிகள் கடைசிச் சில நொடிகளில்தான் வருவார்கள். மண்டபங்கள் நடத்தும் நேரம் குறித்த ஏலங்களில் இந்த வித்தை பெரும்பாலும் எடுபடாது, கடைசி நிமிடத்தில் ஆராவது கேட்டால் நேரம் தானாக நீளும்.

இனிக் கணக்கு. சுத்தியல் தட்டுகிற விலை நீங்கள் கட்டுகிற விலை இல்லை. அதன்மேல் வாங்குபவர் கட்டும் தரகு ஒன்று உண்டு, பையர்ஸ் பிரீமியம் என்பார்கள். பல மண்டபங்களில் நூற்றுக்கு 20 முதல் 30 வரை. அந்தத் தரகின்மேல் 20 வீதம் வற் வரி. ஒன்லைனில் கேட்டால் தளத்துக்கு இன்னும் ஒரு பங்கு, அதற்கும் வற். 80 பவுணுக்குத் தட்டினார்கள் என்று வையுங்கள். தரகு 25 வீதமென்றால் 20 பவுண், அதற்கு வற் 4. தளத்துக்கு 5 வீதமென்றால் 4 பவுண், அதற்கு வற் 80 பென்ஸ். ஆகமொத்தம் 108 பவுண் 80 பென்ஸ். பல மண்டபங்கள் பொதிசெய்து அனுப்பும் வேலையே பார்ப்பதில்லை. நீங்கள்தான் ஆள் பிடிக்கவேண்டும், அதற்கு முப்பது நாற்பது பவுண் போகும். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் நாள்வாடகையும் ஏறும். ஒரு மணித்தியாலத் தூரம் என்று நான் சொன்னது இதற்குத்தான். விமானம் ஏறமுதல் இங்கே இருந்துகொண்டே ஏலம் கேட்கிற விளையாட்டும் வேண்டாம். மருமகள் அதற்கும் அடிபோட்டாள்.

எதைப் பார்த்து வாங்குவது? முதுகை.

அம்மம்மா பன்பாய் வாங்கும்போது விற்கிறவள் விரித்துக் காட்டுகிற பக்கத்தைப் பார்க்கவே மாட்டா. கிறுக்கிப் போட்டு, அதாவது புரட்டி, அடிப்பக்கத்தையும் ஓரம் மடித்த இடத்தையும் விரலால் தடவிப் பார்ப்பா. மருதமுனைக் கைத்தறிச் சாரனை விரித்துப் பார்க்கிறவர்களுக்கும் தெரியும்: சாயமிட்ட நூலை நெய்து வந்த கோடு இரண்டு பக்கமும் தெரியும், மேலே அச்சடித்தது உள்பக்கம் வெளிறியிருக்கும். கம்பளமும் அப்படித்தான். கையால் முடிச்சுப் போட்டதென்றால் முன்னால் இருக்கிற பூவும் கொடியும் பின்னாலும் அச்சொட்டாகத் தெரியும், ஒவ்வொரு முடிச்சும் ஒரு சின்னப் புள்ளியாக. புள்ளிகள் கொஞ்சம் கோணல்மாணலாக இருப்பது நல்ல அடையாளம். பின்னால் கன்வஸ் துணி ஒட்டி மறைத்திருந்தால் அது முடிச்சே இல்லை. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் நூலைக் குத்திப் பசை பூசியது. பத்து வருடத்தில் பசை பொடியாகக் கொட்டும்.

அடுத்தது குஞ்சம். கைக்கம்பளத்தில் குஞ்சம் தனியாக வைத்தது இல்லை, நீளவாட்டில் ஓடும் கம்பளத்தின் பாவு நூலே இரண்டு முனையிலும் நீண்டு நிற்பது. மெஷின் கம்பளத்தில் குஞ்சத்தைப் பிறகு தைத்திருப்பார்கள், தையல் கோடு படத்திலேயே தெரியும். பழையதில் தேய்ந்த குஞ்சத்தை மறைக்கப் புதுக்குஞ்சம் தைப்பதும் உண்டு, ஆகையால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பட்டியலில் 'பேர்ஸியன் ஸ்டைல்' என்றிருந்தால் அது பாரசீகத்தில் இருந்து வந்ததில்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள். 'சில்க்' என்று போட்டிருப்பதும் சிலவேளை பளபளப்பு ஏற்றிய பருத்தியாகவோ விஸ்கோஸ் என்ற செயற்கைப் பட்டாகவோ இருக்கும். பட்டுச்சேலையில் நூல் உருவி எரித்து மணந்து பார்த்த பரம்பரை நாங்கள், கம்பளத்திலும் விதி அதேதான், ஆனால் ஏல மண்டபத்தில் நெருப்புப் பெட்டியை எடுத்துவிடாதீர்கள்.

பின்பக்கப் படம் இல்லாவிட்டால் மண்டபத்துக்கு எழுதிக் கேளுங்கள். கொண்டிஷன் ரிப்போர்ட் என்று கேட்டால் அநேகமாக இலவசமாகவே தருவார்கள். ஒரு மூலையை மடித்துப் படம், நாலு ஓரத்தின் படம், பூச்சி அரித்திருக்கிறதா, நாற்றம் உண்டா. நாற்றத்தைக் கட்டாயம் கேளுங்கள். நான் எடுத்த இரண்டாவது கம்பளம் படத்தில் மாதுளம்பழம் மாதிரி இருந்தது. வீட்டில் ஹீட்டர் போட்ட பிறகுதான் அதன்மேல் ஒரு நாய் பல வருடம் வாழ்ந்த சங்கதி வெளிவந்தது.

மண்டபத்தில் ஏலத்துக்கு முதல் பார்வையிடும் நாள் இருக்கும். எவரும் போகலாம், காசில்லை, கோட்டுச்சூட்டும் வேண்டாம். ஒரு வெள்ளைக் கைக்குட்டையைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டு போங்கள். நிறத்தின்மேல் மெதுவாகத் தேய்த்துக் கைக்குட்டையில் சாயம் ஏறினால், தேய்ந்த இடத்துக்கு மை பூசியிருக்கிறார்கள் அல்லது சாயம் கசியும். மூலையை மெல்ல வளைத்துப் பாருங்கள், காய்ந்த சருகு மாதிரி நொறுங்கும் சத்தம் கேட்டால் உள்ளே இருக்கிற பருத்தி இற்றுப்போய்விட்டது, இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். ஆனால் ஒரே நீலம் பாதியில் கொஞ்சம் மங்கி வேறு நீலமாக ஓடுவதைப் பழுதென்று நினைக்காதீர்கள். நெய்தவளுக்கு முதல் சாயம் ஏறின நூல் முடிந்து, அடுத்த தரம் ஏற்றிய நூல் தொடங்கிய இடம் அது. அப்ராஷ் என்று அதற்குப் பெயரே உண்டு. எனக்கு அதுதான் பிடிக்கும்.

பெயர்களில் மயங்கவேண்டாம். இஸ்ஃபஹான், கும், நாயின் என்று ஈரான் பட்டணங்களின் பெயர் போட்டவை பெரிய காசுக்காரர்களின் சண்டை. எங்கள் கைக்கு எட்டுவது ஈரானில் ஹமதான் பக்கத்துக் கிராமக் கம்பளங்கள், கரும்சிவப்பும் கருநீலமுமான பலூச், எண்கோணப் பூ வரிசை போட்ட ஆப்கான், பாகிஸ்தானில் முடிச்சுப் போட்ட பொகாரா. அந்த ஆப்கான் எண்கோணத்தை வெள்ளைக்காரர் யானைக்கால் என்பார்கள். நாலடிக்கு ஆறடி அளவில் இவை ஐம்பதுக்கும் நூற்றைம்பதுக்கும் இடையில் தட்டப்படுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பட்டியலில் அளவு சென்ரிமீற்றரில் இருக்கும், எங்களுக்குக் கண்ணில் வராது. மூட்டாத சாரன் ஒன்றை விரித்துப் பாருங்கள், ஏறக்குறைய நாலுக்கு ஆறுதான். சோஃபாவுக்கு முன்னால் இரண்டு சாரன் பக்கத்தில் பக்கத்தில் விரித்தால் எட்டுக்கு ஆறு. ஆண்கள் இல்லாத வீட்டில் பெற்சீற்.

ஒன்று சொல்லவேண்டும். சின்னக் கம்பளங்களில் ஒரு முனையில் மட்டும் வளைவு வைத்தவை இருக்கும். அந்த வளைவு மிஹ்ராப், தொழும் திசையைக் காட்டுவது, கம்பளம் தொழுகைக்கு நெய்தது. காத்தான்குடியிலும் சாய்ந்தமருதுவிலும் முசல்லா என்கிற தொழுகை விரிப்பை எப்படி மடித்து உயரத்தில் வைப்பார்கள் என்று பார்த்து வளர்ந்தவர்கள் அதை வாசலில் செருப்புக்குக் கீழே போடமாட்டார்கள். நான் ஒன்றைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாமா? நேரில் போய்க் கேட்கக்கூடிய பொது ஏலத்தில், வெறும் மனமாற்றத்துக்குத் திருப்பும் 14 நாள் உரிமை கிடையாது. ஈபேயில் வியாபாரியிடம் வாங்கினால் உண்டு, தனியாளிடம் வாங்கினால் இல்லை. அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரருக்கு ஈரான் கம்பளம் வாங்கி அனுப்பலாம் என்று யோசிக்கவே வேண்டாம். அங்கே 2010 இல் வந்த இறக்குமதித் தடை 2016 இல் தளர்ந்து, 2018 ஓகஸ்ட்டில் திரும்பவும் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் விரிக்கவேண்டாம். துணியந்துப்பூச்சியின் புழு கம்பளியைத்தான் தின்னும், இருட்டும் அசையாத இடமும் அதற்குச் சொர்க்கம். எங்கள் ஆக்களின் வீட்டில் நண்டுக்கும் இறாலுக்கும் என்று பெரிய பெட்டி ஃபிரீசர் ஒன்று கராஜில் இருக்குமே, அதைக் காலிசெய்யுங்கள். கம்பளத்தைச் சுருட்டி, பொலித்தீனால் இறுக்கிக் கட்டி, மைனஸ் 18 பாகையில் இரண்டு கிழமை. எனக்கு ஃபிரீசரைவிட அதை விட்டுக்கொடுக்க வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு மாதத்துக்கொருக்கால் கிறுக்கிப் போட்டு அடிப்பக்கத்தையும் வக்யூம் பண்ணுங்கள், குஞ்சத்தில் மட்டும் வக்யூமை ஏற்றாதீர்கள். வழுக்காத அடிவிரிப்பு ஒன்றும் வாங்கவேண்டும்.

கறிதான் எங்கள் வீட்டுக் கம்பளத்துக்கு வருகிற பெரிய கண்டம். மஞ்சள் கறையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தால் காரம் பட்டு அந்த இடம் சிவக்கும், கம்பளிக்கும் காரம் கூடாது. கறியைக் கரண்டியால் வழித்து, குளிர்ந்த தண்ணீரில் கொஞ்சம் வெள்ளை வினிகர் கலந்து, வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும், மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. என்ர பலூச்சில் விழுந்த சொதி, யன்னலடியில் போட்டு, ஆனி மாதத்து லண்டன் வெயிலில் பதினொரு நாளில் போனது. இங்கே கல்லடியில் என்றால் பின்னேரத்துக்குள் போயிருக்கும்.