ஸ்கார்ம் ஜிப்பிலிருந்து ஸ்லைடுக்கு: என் அனுபவம்

பழைய ஆன்லைன் பயிற்சி ஒன்றை நேரடி வகுப்புக்கு மாற்ற வேண்டியிருந்தது. மூல ஃபைல் இல்லை, ஸ்கார்ம் (ஆன்லைன் பயிற்சிகளைப் பொதியாக்கும் ஒரு பொது வடிவம்) ஜிப் மட்டும்தான். முதலில் ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பவர்பாயின்ட்டில் ஒட்டினேன். பார்க்க அச்சு அசல்தான், ஆனால் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியவில்லை. அரை நாள் வீண்.

அப்புறம் ஜிப்பைப் பிரித்தேன். மேனிஃபெஸ்ட் என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில் பாடத் தலைப்புகள் வரிசையாக இருந்தன. (எல்லாப் பொதிகளிலும் இப்படி இருக்காது, சிலவற்றில் பயிற்சியின் பெயர் மட்டும்தான்.) படங்களும் ஆடியோவும் தனி ஃபோல்டரில், தனித்தனி ஃபைல்களாகவே கிடைத்தன.

உரையைப் பிரவுசரிலிருந்து காப்பி செய்து வேர்டில் போட்டேன். தலைப்புக்கு வேர்டின் ஹெடிங் 1 ஸ்டைல், குறிப்புகளுக்கு ஹெடிங் 2. பவர்பாயின்ட்டில் நியூ ஸ்லைடு மெனுவுக்குள் இருக்கும் ‘ஸ்லைட்ஸ் ஃப்ரம் அவுட்லைன்’ வழியாக அதைத் திறந்தால், ஒவ்வொரு ஹெடிங் 1-உம் ஒரு ஸ்லைடாகிவிடுகிறது.

ஆனால் பாதி உரையைக் காணோம்! சாதாரணப் பத்தியாக விட்டிருந்ததை அது எடுத்துக்கொள்வதே இல்லை. அவற்றையும் ஹெடிங் 2 ஆக்கியதும் எல்லாம் வந்தது. படங்களைக் கையால் பொருத்தினேன், குரல் விளக்கத்தைத் தட்டச்சு செய்து நோட்ஸில் சேர்த்தேன். கிளிக் செய்தால் விரியும் பகுதிகளுக்கு மட்டும் குறுக்குவழியே இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்லைடு போட்டேன்.