கிரவுண்டுக்கு முந்தைய வாரம் கால் உடைந்தால்: காவலர் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழுத்துத் தேர்வில் தேறி, அழைப்புக் கடிதமும் வந்து, பிசிக்கலுக்கு, அதாவது கிரவுண்டில் நடக்கும் உடல் திறன் தேர்வுக்கு, பத்து நாள் இருக்கும்போது கணுக்கால் பிசகிக்கொண்ட பையனிடம் ஊரே சொல்வது ஒன்றுதான்: "விடு தம்பி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்." அடுத்த வருஷம் என்று ஒன்று இருந்தால் சரி. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் பணிகளுக்கு 2022-இல் 3,552 இடங்களுக்கு அறிவிக்கை விட்டது. 2023-இல் 3,359 இடங்கள். அதற்கு அடுத்தது 2025-இல்தான் வந்தது, 3,644 இடங்களுக்கு. வயது வரம்போ பொதுப்பிரிவுக்கு 26, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31. 2023 அறிவிக்கையின்போது 27 வயதாகி, கிரவுண்டைத் தவறவிட்ட ஒரு பி.சி. பையனுக்கு அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை.

ஓடித் தோற்றவரும் ஓடவே முடியாமல் போனவரும் ஒன்றல்ல. ஆனால் பட்டியலில் இருவரும் ஒரே இடத்தில்தான் காணாமல் போகிறார்கள். இது நியாயமில்லை என்பதே என் கட்சி. அந்த நியாயத்தைக் கேட்டு வாங்குவதில் நம் பிள்ளைகள் செய்கிற தவறுகளும் நிறைய. வாரியங்கள் செய்வதும் உண்டு. அதைப் பிறகு பார்க்கலாம்.

ஊசி போட்டுக்கொண்டு ஓடுவது

இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள், இதில்தான் அதிகம் இழக்கிறார்கள். ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும்; 400 மீட்டர் டிராக்கில் மூன்றே முக்கால் சுற்று. பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 நொடி. தினமும் பயிற்சி எடுத்தவர்களுக்கு இது பெரிய நேரமே இல்லை. அதனால்தான் ஆசை வருகிறது: "ஏழு நிமிஷம்தானே, வலி ஊசி ஒண்ணு போட்டா ஓடிடலாம்." முதல் சுற்று நன்றாகத்தான் போகும். ஊசி வலியை மறைக்கும், கிழிந்த தசைநாரை ஒட்டாது. இரண்டாவது சுற்றின் வளைவில் உடல் எடை முழுவதும் அந்தக் காலில் இறங்கும்போது, சுளுக்கு என்று போனது ஜவ்வுக் கிழிசலாகத் திரும்பும்.

உடம்புக்கு வருகிற கேடு ஒருபக்கம் இருக்கட்டும். செஸ்ட் நம்பரை மாட்டிக்கொண்டு கோட்டில் நின்று ஓடிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் "தேர்வில் கலந்துகொண்டு தகுதி பெறாதவர்". பிறகு எந்த எக்ஸ்ரேயைக் காட்டினாலும், "காயம் இருந்தது என்றால் ஏன் ஓடினாய்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஓட்டம் வீடியோவிலும் பதிவாகியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்ட் இறுதியில் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கு ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டியிருந்தது. அந்தத் தேர்வில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். அரசு தேர்வைச் சில நாள் நிறுத்தி, விதிகளை மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. அது வெயில், தூரம், ஏற்பாடு என்று பல காரணம் பேசப்பட்ட துயரம். கால் சுளுக்கோடு அதை முடிச்சுப் போடவில்லை. ஆனால் "இன்றைக்கு விட்டால் போச்சு" என்ற நிலையில் நிற்கிற பையன் தன் உடம்பு சொல்வதைக் கேட்க மாட்டான். வேறு நாளில் ஓடலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தால் அவன் கேட்பான்.

கட்டு போட்டுக்கொண்டு, காகிதம் இல்லாமல் இருப்பது

எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்கு ஓடுகிற பழக்கம் நம்மிடம் இன்றும் உண்டு. அதன் மருத்துவ குணத்தைப் பற்றி நான் வாதாட வரவில்லை. மூங்கில் பட்டையும் துணியும் தேர்வுக் குழுவின் முன் சாட்சி சொல்லாது, அவ்வளவுதான். அடிபட்ட அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஓ.பி. சீட்டில் தேதி இருக்கும். எக்ஸ்ரே ஃபிலிமில் பெயரும் தேதியும் இருக்கும். எலும்பு டாக்டர் எழுதித் தரும் சான்றிதழில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன காயம், எந்தத் தேதியில் பார்த்தார், எத்தனை வாரம் ஓடக்கூடாது. "ஓய்வு தேவை" என்று மட்டும் எழுதி வாங்கி வருவது, பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் கொடுப்பதற்குச் சமம்.

பைக் விபத்து என்றால் மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டு நகல்) போடச் சொல்லுங்கள். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதாவது (புகார் பெற்றதற்கான ரசீது) வாங்குங்கள். போலீஸ் வேலைக்குப் போகிறவன் மேல் கேஸ் வந்துவிடுமோ என்று பயந்து பலர் இதை அமுக்கிவிடுகிறார்கள். அடிபட்டவராகப் பதிவாவதும் குற்றம் சாட்டப்பட்டவராகப் பதிவாவதும் வேறு வேறு. தேர்வு முடிந்து இரண்டு வாரம் கழித்து தனியார் கிளினிக்கில் பின்தேதி போட்டு வாங்கிய சான்றிதழை நம்பிப் போகாதீர்கள். அந்த வகைச் சான்றிதழ்கள் அதிகமாகிப்போனதால்தான் உண்மையான காயத்தையும் அதிகாரிகள் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்.

வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவது

ஓடக்கூடாது என்றால் போகவே கூடாது என்று அர்த்தமில்லை. மாவுக்கட்டோடு, ஒரு துணையோடு, அழைப்புக் கடிதத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஆயுதப்படை மைதானத்தின் வாசலில் நில்லுங்கள். முதல் நாளில் சான்றிதழ் சரிபார்ப்பும் உயரம், மார்பளவு அளப்பதும் இருக்கும். உயரம் அளக்க இரண்டு காலில் நிற்க முடிந்தால் அதையாவது முடித்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அந்த மையத்தின் தேர்வுக் குழுத் தலைவருக்கு எழுதிய மனுவில் இரண்டு நகல் வைத்துக்கொண்டு, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாசலில் இருக்கும் காவலர் "ஓட முடியாதுன்னா கெளம்புப்பா" என்பார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த விதி அது. மனுவை வாங்க மறுத்தால் அன்று மாலையே வாரியத்துக்கு மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டும் போகட்டும். பிற்பாடு வழக்கு வந்தால், நீங்கள் "வராதவர்" அல்ல, "வந்து, காரணத்தோடு அவகாசம் கேட்டவர்" என்று காட்ட உதவுவது அந்த ரசீதுதான்.

எதைக் கேட்பது என்று தெரியாமல் கேட்பது

"எனக்கு இன்னொரு வாய்ப்பு தாருங்கள்" என்று எழுதப்படும் மனுக்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. எதற்கு வாய்ப்பு, எப்போது, அதனால் யாருக்கு நஷ்டம் என்பதை மனு சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுத் தேர்வில் உடல் தொடர்பான கட்டங்கள் இரண்டு வகை. 1500 மீட்டர் வெறும் தகுதிக்கானது: ஏழு நிமிடத்துக்குள் வந்தால் உள்ளே, இல்லையேல் வெளியே, மதிப்பெண் கிடையாது. அதன்பிறகு ஆண்களுக்கு வரும் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம் ஆகியவற்றுக்குத்தான் ஸ்டாரும் (திறனுக்கேற்ற நட்சத்திரத் தரம்) அதற்கான மதிப்பெண்ணும். 100 மதிப்பெண்ணில் எழுத்துத் தேர்வுக்கு 70, இந்தப் போட்டிகளுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுக்கு 6. ஆண்கள் நூறு மீட்டரை 15 நொடியில் ஓடினால் ஒரு ஸ்டார், 13.50 நொடியில் ஓடினால் இரண்டு.

"காயம் என்று சொல்லி ஒருவன் கூடுதலாக ஒரு மாதம் பயிற்சி எடுத்துவிட்டால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?" என்று கேட்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டார் போட்டிகளில் அந்தக் கேள்வி நியாயமானதே. அங்கே ஒரு ஸ்டார் கூடினால் இன்னொருவரின் இடம் போகும். 1500 மீட்டரில் அந்த நஷ்டம் இல்லை. நான் பத்து நாள் தள்ளி ஆறு நிமிடத்தில் ஓடினாலும் ஆறே முக்கால் நிமிடத்தில் ஓடினாலும் இன்னொருவரின் மதிப்பெண் அசையாது. ஆகவே மனுவில், தகுதி ஓட்டத்துக்கு மட்டும், அதே மையத்திலோ வேறு மையத்திலோ தேர்வு நடக்கும் கடைசி நாள்களுக்குள் ஒரு தேதி கேளுங்கள். ஒரே கட்டத் தேர்வு பல நாள்கள் நடப்பதால் இப்படி மாற்றிவிட இடம் உண்டு. ஸ்டார் போட்டிக்கும் அவகாசம் வேண்டும் என்றால் அதைத் தனிக் கோரிக்கையாக எழுதுங்கள். ஒன்று மறுக்கப்பட்டால் மற்றதும் சேர்ந்து போகாது.

கணுக்கால் சுளுக்கு என்றால் இது நடக்கக்கூடிய காரியம். கால் எலும்பு முறிந்து ஆறு, எட்டு வாரம் ஆகும் என்றால் கேட்கிற அவகாசம் தேர்வுக் காலத்தையே தாண்டிவிடும். அங்கே வயது வரம்பில் ஒருமுறை தளர்வு கேட்பதுதான் பொருத்தமான கோரிக்கை. கிடைப்பது கஷ்டம் என்றாலும் கேட்பதில் தப்பில்லை.

இங்கிலாந்துக் காவல்துறைத் தேர்வில் 15 மீட்டர் தூரத்தை பீப் ஒலிக்கேற்ப மாறி மாறி ஓடி 5.4 என்ற நிலையை எட்ட வேண்டும். அதுவும் தகுதிக்கு மட்டும்தான். தவறியவருக்கு மறுபடி ஓட வாய்ப்பு உண்டு. அவர்களிடம் கூட்டம் குறைவு என்பது உண்மை. நம்மிடம் கூட்டம் அதிகம் என்பதற்காகத் தகுதித் தேர்வை ஒரே ஒரு காலை வேளையில் முடித்தாக வேண்டும் என்பதில்லை.

தவறான சட்டத்தைப் பிடித்துக்கொள்வது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மேற்கோள் காட்டும் மனுக்கள் உண்டு. அந்தச் சட்டம் நீண்டகாலக் குறைபாட்டைப் பற்றியது; ஆறு வாரத்தில் ஆறுகிற எலும்பு முறிவு அதில் வராது. மருத்துவப் பரிசோதனையோடு குழப்பிக்கொள்வதும் சகஜம். மத்திய ஆயுதக் காவல் படைகளில் மருத்துவப் பரிசோதனையில் நிராகரிக்கப்பட்டால் மறுபரிசோதனை கேட்கலாம். ஓட்டத்தில் தவறியதற்கு அந்த மேல்முறையீடு கிடையாது.

நிற்கக்கூடிய வாதம் அரசியலமைப்பின் 14, 16-ஆம் பிரிவுகளிலிருந்து வர வேண்டும்: சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதும் பாகுபாடே. எதிர்த்தரப்பு வாதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வு தொடங்கிய பிறகு ஆட்டத்தின் விதியை நடுவில் மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் மஞ்சுஸ்ரீ வழக்கில் சொன்னது. 2024 நவம்பரில் தேஜ் பிரகாஷ் பாடக் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. "குறிப்பிட்ட தேதியில் வராதவருக்கு மறுவாய்ப்பு இல்லை" என்று அறிவிக்கையில் இருந்தால், அரசுத் தரப்பு இதைத்தான் முன்னால் வைக்கும். அதனால் அறிவிக்கை வந்த அன்றே அந்த வரி இருக்கிறதா, தேதியை மாற்ற அதிகாரிக்கு ஏதாவது அதிகாரம் விடப்பட்டிருக்கிறதா என்று படித்துவிடுங்கள். அடிபட்ட பிறகு படிப்பது தாமதம்.

வாசல் மாறிப் போவதும் நடக்கிறது. தமிழ்நாடு காவல்துறைத் தேர்வு என்றால் சென்னை உயர் நீதிமன்றம் அல்லது அதன் மதுரைக் கிளை. டெல்லி காவல்துறை என்றால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். போன்ற படைகள் அந்தத் தீர்ப்பாயத்தின் எல்லைக்கு வெளியே. அவற்றுக்கும் உயர் நீதிமன்றம்தான். எங்கே போனாலும் தற்காலிகத் தேர்வுப் பட்டியல் வருவதற்கு முன் போங்கள். பட்டியல் வந்து, தேர்வானவர்கள் பயிற்சிப் பள்ளிக்குப் போன பிறகு போனால், அவர்களில் யாரை வெளியே அனுப்பச் சொல்கிறீர்கள் என்று நீதிமன்றம் கேட்கும்.

வாரியங்கள் செய்கிற தவறு

காயம், கர்ப்பம், குடும்பத்தில் சாவு என்று எல்லாவற்றுக்கும் "மறுவாய்ப்பு இல்லை" என்ற ஒரே வரி எழுதிவிட்டால் வேலை எளிது. யு.பி.எஸ்.சி. நடத்தும் மத்திய ஆயுதக் காவல் படை உதவி கமாண்டன்ட் தேர்வின் அறிவிக்கை, உடல் திறன் தேர்வின்போது கர்ப்பமாக இருந்தால் தகுதி நீக்கம் என்றே சொல்கிறது. பயிற்சியில் ஏற்பட்ட சுளுக்கையும் கர்ப்பத்தையும் ஒரே தட்டில் வைப்பதை நான் ஏற்கவில்லை. கர்ப்பத்துக்குத் தனி விதி, அதுவும் இன்னும் தாராளமான விதி வேண்டும்.

காயத்துக்கு எழுத வேண்டிய விதி ஒன்றும் பெரிதல்ல. தேர்வு நாளுக்கு முன் அரசு மருத்துவமனையில் பதிவான காயம், வாரியமே நியமிக்கும் மருத்துவர் ஒருவரின் சரிபார்ப்பு, தகுதி ஓட்டத்துக்கு மட்டும் ஒரே ஒரு மாற்றுத் தேதி, அதுவும் அந்தக் கட்டத்தின் கடைசி நாளுக்குள். போலிச் சான்றிதழ் கொடுத்தால் நிரந்தரத் தடை. அறிவிக்கையிலேயே இது இருந்துவிட்டால் விதியை நடுவில் மாற்றிய குற்றச்சாட்டும் எழாது. இதுவரை இந்தக் காரணத்துக்காக எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த அறிவிக்கைக்கு முன் அந்தப் பதில் கையில் இருந்தால், இந்த விதியைக் கேட்டு எழுதுகிற மனுவோடு அதையும் இணைக்கலாம்.