ஆய்வகக் கணினிகள் அனைத்துக்கும் ஒரே பயனர் பட்டியல்: நிஸ் அமைக்கும் முறை

கேரளத்தின் மற்றப் பள்ளிகளைப் போலவே கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டாரத்துத் தமிழ்வழிப் பள்ளிகளின் கணினி ஆய்வகங்களிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. கணினிதோறும் தனித்தனியாகக் கணக்குத் திறந்துவிட்டு, கோப்புகளை மட்டும் வலையில் பொதுவாக வைத்தால், கவிதா மூன்றாம் கணினியில் சேமித்த கோப்பு ஏழாம் கணினியில் முருகன் பெயரில் தெரியும். கோப்பின் உரிமையாளரை லினக்ஸ் எண்ணாகவே எழுதி வைக்கிறது. அங்கே கவிதாவுக்குக் கிடைத்த 1001 இங்கே முருகனுக்குப் போயிருக்கும். 'எல்எஸ் -எல்என்' கட்டளை இட்டால் அந்த எண்ணையே நேரில் பார்க்கலாம்.

ஆகவே எதையும் நிறுவுவதற்கு முன், யாருக்கு எந்த எண் என்று ஒரு நோட்டில் எழுதி முடிவு செய்யுங்கள். இதில் செலவிடும் ஒரு மணி நேரம் வீணாகாது என்பதை அழுத்தமாகச் சொல்வேன்.

பட்டியலைப் பகிர, சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1980களில் உருவாக்கிய நிஸ் (நெட்வொர்க் இன்ஃபர்மேஷன் சர்வீஸ்) போதும்; ஒரு சர்வரில் உள்ள பயனர் பட்டியலை வலையிலுள்ள எல்லாக் கணினிகளுக்கும் அது வழங்கும். முதலில் அதன் பெயர் யெல்லோ பேஜஸ். அது பிரிட்டிஷ் டெலிகாமின் வணிக முத்திரை என்பதால் மாற்றினார்கள். கட்டளைகள் இன்றும் 'ஒய்பி' என்று தொடங்குவது அதனால்தான்.

சர்வரில் நிஸ் தொகுப்பை நிறுவி, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான ஒரு டொமைன் பெயரைக் கொடுத்து, 'ஒய்பிஇனிட் -எம்' கட்டளையை இயக்கினால், பயனர், குழு, ஹோஸ்ட் பட்டியல்கள் தயாராகும். மற்றக் கணினிகளில் அதே பெயரையும் சர்வரின் முகவரியையும் கொடுத்து சர்வருடன் இணைக்கும் ஒய்பிபைண்டை ஓடவிட்டபின், பெயர்களை எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பின் பாஸ்வேர்ட், ஷேடோ, குரூப், ஹோஸ்ட்ஸ் வரிகளில் 'ஃபைல்ஸ்' என்பதற்குப் பின்னால் 'நிஸ்' என்று சேர்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சர்வர் நின்றுபோனாலும் நிர்வாகிக்கான ரூட் கணக்கு அந்தந்தக் கணினியிலேயே கிடைக்க வேண்டும். 'ஒய்பிவிச்' சர்வரின் பெயரைச் சொன்னால் இணைப்பு சரி. சர்வரில் புதிய மாணவரைச் சேர்க்கும்போதெல்லாம் 'வார்/ஒய்பி' கோப்புறைக்குள் பட்டியலைப் புதுப்பிக்கும் 'மேக்' கட்டளையை இட மறந்தால், அந்தப் பெயர் மற்றக் கணினிகளுக்குப் போய்ச் சேராது.

நிஸ் எதையும் மறையாக்கம் செய்து அனுப்புவதில்லை; கடவுச்சொற்களின் ஹாஷ்களும் (அவற்றின் உருமாற்றிய வடிவங்களும்) திறந்தபடியே வலையில் போகும். ஆகையால் சர்வரின் செக்யூர்நெட்ஸ் கோப்பில் ஆய்வகத்தின் முகவரி வரம்பை மட்டும் அனுமதியுங்கள். வைஃபையும் அதே வலையில் இருந்தால் நிஸ்ஸைத் தவிர்த்து, டிஎல்எஸ் என்ற மறையாக்கப் பாதுகாப்புடன் எல்டாப் என்ற கோப்பகச் சேவையை அமைப்பதே முறை. நிஸ் பட்டியல்களை எல்டாப்பில் வைக்கும் வடிவத்தை 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2307 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் விளக்குகிறது. நோட்டில் எழுதிய எண்களை அப்படியே அதற்குக் கொண்டுபோகலாம்.